மருத்துவர் சங்கங்கள் செப்டம்பருக்குள் பொதுக்குழுவை முறையாகக் கூட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் ஏதாவது ஒரு மருத்துவமனையில் கைகலப்பு நடந்தாலும், டெங்கு பரவினாலும், மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தாலும், மறுநாள் நாளிதழில் 'மருத்துவர் சங்கம் அறிக்கை' என்று செய்தி வருகிறது. அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவரை யார் தேர்ந்தெடுத்தார்கள், எந்தக் கூட்டத்தில், எத்தனை பேர் முன்னிலையில் என்று கேட்டால், உறுப்பினராக உள்ள மருத்துவர்களில் பலருக்கே பதில் தெரியாது. சங்கங்களின் பதிவு, கணக்கு, கூட்ட வேலைகளில் பல ஆண்டுகளாக இருக்கும் மருத்துவர்கள் மூவரும் தணிக்கையாளர் ஒருவரும் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். மார்ச் 31-ல் முடிந்த நிதியாண்டுக்கான பொதுக்குழுவைக் கூட்டச் செப்டம்பர் 30 வரைதான் அவகாசம். அதற்குள் நகரத்துச் சங்கங்களும் சுற்றுவட்டாரக் கிளைகளும் இந்த ஒரு கூட்டத்தையாவது முறையாக நடத்திவிட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிகிச்சையில் தவறு நடந்துவிட்டது என்று நினைக்கும் குடும்பத்தினர் புகாரை எடுத்துக்கொண்டு மருத்துவர் சங்கத்தின் செயலாளரைத் தேடிப் போகிறார்கள். சங்கத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஒரு மருத்துவரின் பதிவை நிறுத்திவைக்கவோ நீக்கவோ முடிவது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலால்தான். அது 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு. அதற்கு மேலே, 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2020 செப்டம்பர் முதல் தேசிய மருத்துவ ஆணையம் இருக்கிறது. புகாரை எழுத்தில், முகவரியோடு, மருத்துவமனைச் சீட்டு, பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றின் நகல்களோடு கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. புகார்மீது ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. சங்கம் இதில் செய்யக்கூடியது, வந்தவரிடம் இந்த வழியைச் சொல்லிக் கவுன்சிலின் முகவரியை எழுதிக் கொடுப்பது. அதைச் செய்யாமல் 'பேசித் தீர்த்துவைக்கிறோம்' என்று நடுவராக உட்காருவது பெரும் தவறு. பேச்சு முறிந்தால் சங்கமே ஒரு தரப்பாகிவிடும்.

அப்படியானால் சங்கம் எதற்கு? அதே 2002 விதிகளின் முதல் அத்தியாயம், ஒரு மருத்துவர் தம் தொழிலின் வளர்ச்சிக்காக மருத்துவச் சங்கங்களில் சேர்ந்து அவற்றின் பணிகளில் முனைப்போடு ஈடுபட வேண்டும் என்கிறது. அடுத்த விதியே, ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களில், அதாவது நாம் சி.எம்.இ. என்று சொல்பவற்றில், கலந்துகொள்ளச் சொல்கிறது. அந்த வகுப்புகளை ஊர்தோறும் நடத்த ஓர் அமைப்பு வேண்டும். மாவட்ட நிர்வாகத்தோடு பேச ஒரு குரல் வேண்டும். வழக்கு வந்தால், தாக்குதல் நடந்தால் கைகொடுக்க ஓர் இடம் வேண்டும். உள்ளூர்ச் சங்கம் இந்த மூன்றுக்கும் சேர்த்து இருப்பது.

இந்திய மருத்துவச் சங்கம் 1928-ல் தொடங்கியது. அதற்கு மூன்று அடுக்குகள்: ஊரில் கிளை, மாநிலக் கிளை, டெல்லியில் தலைமை. கிளை தன் உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்பச் சங்கத்தின் சொந்த மாநிலக் கவுன்சிலுக்குப் பிரதிநிதிகளை அனுப்பும். மத்தியக் கவுன்சிலுக்கும் அப்படியே. நவீன மருத்துவம் படித்துப் பதிவு பெற்றவர் எந்தத் துறையினராயினும் இதில் சேரலாம். இது தவிரத் துறைவாரியான சங்கங்கள் உண்டு. பொது மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம் 1944-ல் உருவானது. குழந்தை நலம், மகப்பேறு, அறுவைச் சிகிச்சை, மயக்கவியல் என ஒவ்வொரு துறைக்கும் தனி அமைப்பும் ஊர்க் கிளைகளும் இருக்கின்றன. அரசு மருத்துவர்களுக்குப் பணிநிலை சார்ந்த சங்கங்கள் வேறு. அரசு இராஜாஜி மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று சங்கங்களில் உறுப்பினராக இருப்பது சாதாரணம். எதில் வாக்குரிமை உண்டு, எதில் வெறும் வாட்ஸ்அப் குழு உறுப்பினர் என்பது அவருக்கே தெளிவாக இருக்காது.

சட்டப்படி ஒரு சங்கத்தின் அடிப்படை அதன் பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர் வேண்டும். குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டக் கூடாது. மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை. பதிவின்போது கொடுத்த சங்க விவரணமும் துணைவிதிகளும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம், சான்றிட்ட நகல் வாங்கலாம். உறுப்பினர்கள் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான் என்று அழுத்திச் சொல்கிறோம். ஏனென்றால் பல சங்கங்களில் இரண்டு பைலாக்கள், அதாவது துணைவிதிகள், உலவுகின்றன. ஒன்று, எப்போதோ பதிவாளரிடம் கொடுத்தது. இன்னொன்று, தலைமை அமைப்பு அவ்வப்போது திருத்தி அனுப்பிய மாதிரி விதி. அதைக் கிளை அச்சடித்து உறுப்பினர் கையேட்டில் சேர்த்திருக்கும், ஆனால் பதிவாளரிடம் திருத்தமாகப் பதிந்திருக்காது. தகராறு வரும் நாளில் ஒரு தரப்பு ஒன்றைக் காட்டும், மறு தரப்பு மற்றதைக் காட்டும். அப்போது செல்வது பதிவாளரிடம் இருக்கும் பிரதிதான். துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்பில் திருத்தத்தின் வாசகத்தைக் கொடுத்து, வந்து வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினர் ஏற்று, அதன் பிறகு பதிவாளரிடம் பதிய வேண்டும். கிளை தனியாகப் பதிவானதா, மேலமைப்பின் பதிவின் கீழ் நடப்பதா என்பதையும் இப்போதே பார்த்துவைப்பது நல்லது. பான் அட்டை, வங்கிக் கணக்கு, கட்டடப் பத்திரம் எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தவை. பத்திரம் சங்கத்தின் பெயரில் இல்லாமல் அன்றைய தலைவர் பெயரில் இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். வாரிசுகளிடம் போய் நிற்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

தலைவர், அடுத்த ஆண்டுத் தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், மாநிலக் கவுன்சில் பிரதிநிதிகள் என்பதே வழக்கமான அமைப்பு. அடுத்த ஆண்டுத் தலைவரை முன்கூட்டியே தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஓராண்டுப் பதவியில் முதல் மூன்று மாதம் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே போய்விடும். ஒரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்தச் சிரமம் இருக்காது. அதே ஏற்பாடு செயலாளருக்கும் பொருளாளருக்கும் இல்லாததுதான் குறை. உண்மையில் சங்கத்தை நடத்துபவர்கள் அந்த இருவரே. அவர்களுக்கு இரண்டாண்டுப் பதவிக்காலம் வைத்து, இருவரும் ஒரே ஆண்டில் மாறாதபடி அமைத்தால் கணக்கு அறுபடாது. இதற்கு ஒரு துணைவிதித் திருத்தம் போதும்.

பொதுக்குழு என்ற பெயரில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஏதோ ஓர் ஓட்டல் மாடியில் இரவு எட்டு மணிக்குச் சி.எம்.இ. வைக்கிறார்கள். வாசலில் மேசை போட்டு, மருந்து நிறுவனப் பிரதிநிதி ஒருவர் வருகைப் பதிவேட்டை நீட்டுகிறார். சி.எம்.இ.க்கான கிரெடிட் பாயின்டுக்காக எல்லோரும் கையெழுத்துப் போட்டு, மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் எழுதுகிறார்கள். இரண்டு விரிவுரை முடிந்து ஒன்பதே முக்கால் ஆகிறது. பின்பக்கம் சாப்பாட்டுத் தட்டுகள் ஒலிக்கத் தொடங்கியதும் செயலாளர் மைக்கைப் பிடித்து, "அஞ்சே நிமிஷம், ஜெனரல் பாடியை முடிச்சிடலாம்" என்கிறார். போன கூட்டத்தின் மினிட்ஸ், அதாவது நடவடிக்கைக் குறிப்பு, வாசித்ததாகக் கொள்ளப்படுகிறது. கணக்கு ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. புதிய நிர்வாகிகள் பெயர் வாசிக்கப்படுகிறது, கை தட்டுகிறார்கள், முடிந்தது. மறுநாள் அந்தச் சி.எம்.இ. வருகைத் தாளின் நகலை மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டிவிடுகிறார்கள்.

இதில் எத்தனை ஓட்டை என்று பாருங்கள். வருகைத் தாள் சி.எம்.இ.க்கு உரியது, அதில் உறுப்பினர் அல்லாதவர்களும் பயிற்சி மருத்துவர்களும் இருப்பார்கள், பொதுக்குழுவுக்குக் கோரம், அதாவது வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, இருந்தது என்பதற்கு அது சான்றாகாது. கணக்கு முன்கூட்டியே யார் கைக்கும் போகவில்லை. தீர்மானத்தை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர் இல்லை. நீதிமன்றத்துக்குப் போனால் அந்தக் கூட்டம் நிற்காது.

சரியாகச் செய்வது கடினமும் இல்லை. பொதுக்குழுவுக்குத் தனி வருகைப் பதிவேடு வைத்து, உறுப்பினர் எண்ணோடு கையெழுத்து வாங்க வேண்டும். கூட்டத்தை விரிவுரைக்கு முன்னால் வைக்க வேண்டும். தணிக்கை செய்த வரவு செலவு, இருப்புநிலைக் குறிப்பு இரண்டையும் அழைப்போடு சேர்த்தே அனுப்ப வேண்டும். மினிட்ஸில் 'கணக்கு ஏற்கப்பட்டது' என்று ஒரே வரி எழுதாமல், மொத்த வரவு, மொத்தச் செலவு, மார்ச் 31-ல் கையிருப்பு, வங்கியிருப்பு, வைப்புநிதி எவ்வளவு என்று எண்களை எழுதி, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரையும் போட வேண்டும். எதிர்த்தவர் இருந்தால் எத்தனை பேர் என்பதையும் விட்டுவிடக் கூடாது. பக்கங்களுக்கு எண் இட்ட, தைத்த புத்தகம் வேண்டும். கணினியில் அடித்து ஒட்டினால் ஒட்டிய தாளின் விளிம்பில் தலைவர் கையெழுத்து விழ வேண்டும்.

கோரம் வராததற்கும் ஒரு காரணம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. உறுப்பினர் பதிவேட்டில் 400 பேர் இருப்பதாகவும், ஐந்தில் ஒரு பங்கு கோரம் என்றும் வைத்துக்கொள்வோம். 80 பேர் வர வேண்டும். அந்த 400-ல் காலமானவர்கள், சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ குடிபெயர்ந்து வேறு கிளைக்கு மாறியவர்கள், இரண்டு முறை எழுதப்பட்டவர்கள் என 90 பேர் இருந்தால், உண்மையான பட்டியல் 310. கோரம் 62 ஆகிவிடும். பட்டியலைச் சுத்தம் செய்யாத சோம்பலால்தான் ஆண்டுதோறும் 'கோரம் இல்லாததால் அரை மணி நேரம் ஒத்திவைத்து மீண்டும் கூடியது' என்று எழுத வேண்டியிருக்கிறது. ஒத்திவைத்துக் கூடும் கூட்டத்தில் அழைப்பில் இருந்த பொருள்களை மட்டுமே எடுக்க வேண்டும். 'தலைவர் அனுமதியுடன் மற்றவை' என்ற தலைப்பில் நிலம் வாங்கும் தீர்மானத்தை நுழைப்பதெல்லாம் முறையாகாது.

தேர்தல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆண்டுச் சந்தா வாங்கும் சங்கங்களில், வேட்புமனு தாக்கலுக்கு முந்தைய நாள் ஒரே கையிலிருந்து முப்பது பேரின் பாக்கி கட்டப்படுவது உண்டு. அதைத் தடுக்க, வாக்காளர் தகுதிக்கான கடைசித் தேதியைத் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னால் வைத்து, ஒவ்வொருவர் சந்தாவும் அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே வர வேண்டும் என்று விதியில் சேர்த்துவிட வேண்டும். தேர்தல் அலுவலர் போட்டியிடாதவராக, நடப்பு நிர்வாகத்தில் இல்லாதவராக இருக்க வேண்டும். 'நம்ம சங்கத்துல தேர்தலே வராது, எல்லாம் ஒருமனதாத்தான்' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நாங்கள் அதைப் பெருமையாக நினைக்கவில்லை. முன்னாள் தலைவர்கள் நாலு பேர் கூடிப் பெயர்களை முடிவு செய்துவிட்டால், முப்பத்தைந்து வயது மருத்துவருக்கு அந்தச் சங்கத்தில் என்ன வேலை?

நிர்வாகிகள் மாறியதும் மூன்று மாதத்துக்குள் பதிவாளரிடம் ஏழாம் படிவம் கொடுக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கொடுக்கவில்லை என்றால் உடனே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து வங்கியில் கையெழுத்ததிகாரியை மாற்றப் போகும்போது, பதிவாளரின் ஏட்டில் இருக்கும் பழைய பெயர்களைக் காட்டி மேலாளர் மறுத்துவிடுவார். வைப்புநிதி முதிர்ந்தும் எடுக்க முடியாது. விட்டுப்போன ஆண்டுகளின் படிவம், கணக்கு எல்லாவற்றையும் தாமதக் கட்டணத்தோடு வரிசையாகத் தாக்கல் செய்த பிறகுதான் இந்த ஆண்டுக்கு வர முடியும். இடைப்பட்ட ஆண்டின் செயலாளர் ஊரில் இல்லை என்றால் அவர் கையெழுத்துக்கு அலைய வேண்டும். இரண்டு கோஷ்டிகள் இரண்டு ஏழாம் படிவங்களைக் கொடுத்துவிட்டால் இன்னும் மோசம். எது சரியான தேர்தல் என்று இறுதியாகத் தீர்ப்பது பதிவாளரின் வேலையில்லை, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சென்னை உயர்நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு முடிவதற்குள் இரண்டு கோஷ்டியினரின் பதவிக்காலமும் முடிந்துவிடும்.

நிர்வாகம் கணக்கே காட்டவில்லை என்றால் உறுப்பினர்களுக்கு வழி இருக்கிறது. சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினரோ மனுக் கொடுத்தால் பதிவாளர் விசாரணை நடத்தலாம். அவரே முன்வந்தும் நடத்தலாம், மாவட்ட ஆட்சியர் கேட்டாலும் நடத்தலாம். 300 உறுப்பினர் உள்ள சங்கத்துக்கு 100 கையெழுத்து தேவை. கையெழுத்து வாங்கக் கிளம்பும் முன், கணக்கின் நகல் கேட்டுச் செயலாளருக்கு, சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி, ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பிவிடுங்கள். பாதிப் பிரச்சினை அந்தக் கடிதத்தோடு தீரும்.

இனி, பணம். பெரும்பாலோர் ஆயுள் உறுப்பினர்கள். ஒருமுறை கட்டும் தொகை தலைமைக்கும் மாநிலத்துக்கும் கிளைக்குமாகப் பிரிகிறது. கிளையின் பங்கு 2,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், அதை வைப்புநிதியில் போட்டு 7 சதவீத வட்டி வந்தாலும் ஆண்டுக்கு 140 ரூபாய்தான். அடுத்த நாற்பது ஆண்டுக்கு அந்த உறுப்பினரால் கிளைக்கு வரும் வருமானம் அவ்வளவே. இந்தத் தொகையை மூலநிதியாக வைக்காமல் அந்த ஆண்டு வரவாக எழுதிச் செலவழித்துவிட்டால் அந்த 140-ம் போய்விடும். புதிய உறுப்பினர் அதிகம் சேர்ந்த ஆண்டில் சங்கம் செழிப்பாகத் தெரிவதும், அடுத்த ஆண்டு மின்கட்டணத்துக்குத் திண்டாடுவதும் இதனால்தான்.

ஆகவே எல்லோரும் மருந்து நிறுவனங்களைப் பார்க்கிறார்கள். அறுபது பேருக்கு ஓட்டலில் ஒரு சி.எம்.இ. என்றால் தலைக்கு 800 ரூபாய்ச் சாப்பாடு, 48,000 ஆகிறது. அரங்கு 12,000, ஒலிபெருக்கியும் புரொஜெக்டரும் 5,000, வெளியூர்ப் பேச்சாளரின் பயணமும் தங்கலும் 10,000. மொத்தம் 75,000 என்று கொள்ளலாம். 300 பேர் ஆளுக்கு 500 ரூபாய் ஆண்டுச் சந்தா கட்டினாலும் 1,50,000 ரூபாய். இரண்டு மாலையில் தீர்ந்துவிடும். செலவில் மூன்றில் இரண்டு பங்கு சாப்பாடு என்பதைப் பாருங்கள். அதே விரிவுரையைச் சங்கக் கட்டடத்திலோ மருத்துவக் கல்லூரியின் வகுப்பறையிலோ ஞாயிறு காலை வைத்து, வடையும் காபியும் கொடுத்தால் தலைக்கு 60 ரூபாய், 3,600-ல் முடியும். சர்க்கரை நோய்க்கு மருந்து எழுதுவது பற்றிய விரிவுரையைக் கேட்ட கையோடு மூன்று வகை இனிப்பு சாப்பிட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

நிறுவனங்கள் தரும் பணம் எப்படி வருகிறது என்பதில்தான் மிகப் பெரிய சிக்கல். ஓட்டல் பில்லை நிறுவனமே நேராகக் கட்டிவிடுகிறது. சங்கத்தின் ஏட்டில் ஒரு ரூபாயும் ஏறுவதில்லை. ஆண்டு முழுக்கப் பத்து நிகழ்ச்சி நடத்திய சங்கத்தின் கணக்கில் இரண்டு லட்சம்கூடக் காட்டாது. மருத்துவர்கள் நிறுவனங்களிடம் பரிசும் பயணமும் பெறக் கூடாது என்ற விதி 2009 டிசம்பரில் வந்தபோது அது சங்கங்களையும் சேர்த்தே சொன்னது. 2016-ல் சங்கங்கள் என்ற சொல்லை அதிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த நீக்கம் சரியில்லை என்பது எங்கள் கருத்து. தனி மருத்துவர் வாங்கக் கூடாததைச் சங்கத்தின் பெயரில் வாங்கிப் பகிர்ந்துகொள்ள அது வழிவிடுகிறது. எனினும் 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நடத்தை விதித்தொகுப்பு நிறுவனங்கள் பக்கமிருந்து பிடித்திருக்கிறது. சி.எம்.இ.யை வெளிநாட்டில் நடத்தக் கூடாது, பேச்சாளரைத் தவிர மற்ற மருத்துவருக்குப் பயணச் செலவு தரக் கூடாது, செலவு விவரத்தை நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்கிறது. நிறுவனம் வெளியிடும் தொகை சங்கத்தின் கணக்கில் இல்லை என்றால் விளக்கம் சொல்ல வேண்டியவர் பொருளாளர்.

எனவே கூட்ட அரங்கில் மருந்து நிறுவனங்கள் போடும் ஸ்டாலுக்கான வாடகை, நன்கொடை எதுவாயினும் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். சங்கமே ஓட்டலுக்குக் கட்ட வேண்டும். நிகழ்ச்சி முடிந்த பதினைந்து நாளுக்குள் ஒரு பக்க வரவு செலவை உறுப்பினர்களுக்கு அனுப்பிவிட வேண்டும். வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வரும். சங்கம் தன் உறுப்பினருக்கே செய்யும் சேவைக்கு வரி விதிக்கும் பிரிவைக் கேரள உயர்நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்றது. வழக்குத் தொடுத்தது இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரள மாநிலக் கிளை. அதை வைத்துக்கொண்டு ஸ்டால் வாடகைக்கும் வரி இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மருந்து நிறுவனம் நம் உறுப்பினர் இல்லை. மாநில மாநாடு நடத்தும் ஆண்டில் மாநாட்டுக் குழுவுக்குத் தனி வங்கிக் கணக்குத் திறக்கிறார்கள். அதையும் சங்கத்தின் பான் எண்ணில் திறந்து, சங்கக் கணக்கோடு சேர்த்தே தணிக்கை செய்ய வேண்டும். மிச்சப் பணம் எங்கே என்று பத்தாண்டு கழித்தும் சிலர் பேசிக்கொள்வது அந்தத் தனிக் கணக்கைப் பற்றித்தான்.

குடும்பப் பாதுகாப்புத் திட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பல மருத்துவக் குடும்பங்களுக்குச் சங்கம் என்றால் அதுதான். உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்ற எல்லோரும் ஒரு தொகை போட்டு அந்தக் குடும்பத்துக்குத் தருவது. கணக்குக்கு 5,000 பேர், ஒரு மரணத்துக்கு ஆளுக்கு 200 ரூபாய் என்றால் குடும்பத்துக்கு 10 லட்சம் போகும். ஆண்டுக்கு 15 மரணம் என்றால் ஒருவர் 3,000 ரூபாய் கட்டுவார். இளையவர்கள் சேராமல் உறுப்பினர்களின் சராசரி வயது ஏறி, மரணம் 50 ஆனால் 10,000 கட்ட வேண்டும். தொகை ஏறுவதைப் பார்த்து இளையவர்கள் இன்னும் தயங்குவார்கள். இதைத் தடுக்கச் சேரும் வயதுக்கு ஏற்ற நுழைவுக் கட்டணமும், அதைத் தொடாமல் வைக்கும் மூலநிதியும் வேண்டும். நடைமுறையில் குடும்பங்கள் ஏமாறுவது சின்னக் காரணங்களால்: முகவரி மாறியதால் கட்டண அறிவிப்பு கிடைக்காமல் உறுப்பினர் தகுதி போயிருக்கும், திருமணத்துக்கு முன் அம்மாவை வாரிசாக எழுதியவர் பிறகு மாற்றியிருக்க மாட்டார். கிளைச் செயலாளர் ஆண்டுக்கு ஒருமுறை வாரிசுப் படிவத்தைச் சரிபார்க்கச் சொல்லி எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினால் போதும்.

சங்கத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதும் நிர்வாகம் சார்ந்த கேள்விதான். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ மாலைக் கிளினிக் வைத்திருப்பவர் கடைசி நோயாளியைப் பார்த்து முடிக்க இரவு ஒன்பது ஆகும். நகரத்தில் எட்டு மணிக்குக் கூடும் கூட்டத்துக்கு அவர் எப்படி வருவார்? இரவுக் கூட்டங்களால் பெண் மருத்துவர்களும் ஒதுங்கிப் போகிறார்கள். இன்னொரு பெரிய பிளவு, மருத்துவமனை உரிமையாளர்களுக்கும் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கும் இடையில் உள்ளது. இருவரும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள். மூன்று மாதச் சம்பளம் நிலுவை என்று ஓர் இளம் மருத்துவர் எழுதிக் கொடுத்தால், செயற்குழுவில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் உரிமையாளர்களாக இருக்கையில் அந்தக் கடிதம் எந்தக் கோப்பில் போகும்? செயற்குழுவில் சம்பள மருத்துவர்களுக்கும் சுற்றுவட்டார மருத்துவர்களுக்கும் இடம் ஒதுக்கித் துணைவிதியைத் திருத்துவதே இதற்கு வழி. தன் மருத்துவமனை சம்பந்தப்பட்ட பொருள் வரும்போது உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும், போனதை மினிட்ஸில் எழுத வேண்டும் என்றும் சேர்க்க வேண்டும்.

பணிப் புறக்கணிப்பு போன்ற முடிவுகளில் இந்த அமைப்பெல்லாம் ஒரே நாளில் சோதனைக்கு வருகிறது. கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் முதுநிலைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டதை அடுத்து, 2024 ஆகஸ்ட் 17 காலை ஆறு மணியிலிருந்து 24 மணி நேரம் அவசர சிகிச்சை தவிர்த்த பணிகளை நிறுத்த இந்திய மருத்துவச் சங்கத்தின் தலைமை அழைப்பு விடுத்தது. அப்படி ஓர் அழைப்பு வந்தால் கிளை உடனே அவசரச் செயற்குழுவைக் கூட்டித் தீர்மானத்தை எழுத்தில் போட வேண்டும். எந்த மருத்துவமனையில் அவசரப் பிரிவு, பிரசவம், டயாலிசிஸ் நடக்கும் என்ற பட்டியலை ஆட்சியருக்கும் நாளிதழ்களுக்கும் முந்தைய மாலையே கொடுக்க வேண்டும். உறுப்பினர் பட்டியல் சரியாக இல்லாத கிளையால் இதைச் செய்ய முடியாது. வாட்ஸ்அப்பில் செய்தி பரவும். சிலர் மூடுவார்கள், சிலர் திறப்பார்கள். டயாலிசிஸ் நாள் தவறிய நோயாளி ஆட்டோவில் மூன்று இடம் அலைவார். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர் மீதான தமிழ்நாட்டின் 48/2008 சட்டத்தின் கீழ் வழக்குப் பதிய வைப்பதும் அப்படித்தான். யார் காவல் நிலையம் போவது, சிசிடிவி பதிவை அன்றே எடுத்துவைப்பது யார், பணி நேரப் பட்டியலை இணைப்பது யார் என்று முன்பே பொறுப்புக் கொடுத்திருந்தால்தான் நடக்கும்.

இப்போது நாள் கணக்கு. கூட்டம் செப்டம்பர் கடைசி ஞாயிறு காலை என்றால், துணைவிதித் திருத்தத்துக்கான 21 நாள் அறிவிப்பு செப்டம்பர் முதல் வாரத்துக்குள் உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். அதற்கு ஆகஸ்ட் இறுதிக்குள் தணிக்கை முடிய வேண்டும். அதற்கு வவுச்சர்களும் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளும் வங்கிப் பட்டியலும் இப்போதே ஆடிட்டர் மேசைக்குப் போயாக வேண்டும். அழைப்பில் தேதி, நேரம், இடம், பொருள் நிரல், கணக்கு, திருத்தத்தின் முழு வாசகம், வாக்காளர் பட்டியல் ஆகியவை இருக்கட்டும். கூட்டம் முடிந்த கையோடு கணக்கையும் ஏழாம் படிவத்தையும் தாக்கல் செய்து, ஒப்புகைச் சீட்டின் நகலைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். உறுப்பினர்கள் அந்தச் சீட்டைப் போய்ப் பாருங்கள். பலகையில் இல்லை என்றால் செயலாளரிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவர்கள் மூவர், தணிக்கையாளர் ஒருவர்
மதுரை